கொடியில் எத்தனை பட்டை?

1

போன சனிக்கிழமை காலை டச்சு மொழி வகுப்பில் நாக்கு குழறிவிட்டது. அதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்துவிட்டு இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

நெதர்லாந்தில் குடியுரிமை வேண்டுமென்றால் மொழித் தேர்வும், நாட்டைப் பற்றிய தேர்வும் எழுதியாக வேண்டும். விண்ணப்பம், அதற்கு இணைப்பு, இணைப்புக்கு மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புக்கு முத்திரை. அத்தனையும் முடித்தால்தான் பரீட்சை ஹாலுக்குள் விடுவார்கள். முப்பத்து மூன்று வயதில், மொராக்கோக்காரப் பெண்மணி ஒரு பக்கமும் போலந்துக்காரத் தச்சர் ஒரு பக்கமுமாக, பெஞ்சில் உட்கார்ந்து பாடம் படிக்கிறேன். ஆசிரியை ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சர். அன்றைக்குப் பயிற்சிக் கேள்விகள் கேட்டுக்கொண்டே வந்தவர் என்னிடம் நின்றார்.

"நம் நாட்டுக் கொடியில் எத்தனை பட்டை, மாதேஷ்?"

"ஸெஸ்," என்றேன். ஆறு.

பக்கத்துப் பெண்மணி சிரித்துவிட்டார். "ட்ரீ, மாதேஷ், ட்ரீ," என்றார் டீச்சர். மூன்று. சிவப்பு, வெள்ளை, நீலம். இந்த நாட்டு விமான நிலையத்தில் இறங்கிப் பெட்டியை எடுப்பதற்குள் தெரிந்துவிடுகிற விஷயம். எனக்குத் தெரியாதா? நான்கு வருஷமாக இங்கேயே இருக்கிறேன்.

டீச்சர் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு விநாடி கூடுதலாகப் பார்த்த மாதிரி இருந்தது. நான் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார், நான் போகவில்லை. ஏனென்றால் கிட்டத்தட்ட இதே கேள்வியை ஓசூரில் ஒருவர் என்னிடம் கேட்டார். அன்றைக்குச் சரியான விடை ஆறு. நான் மூன்று என்று சொன்னேன், தெரிந்தே சொன்னேன்.

இதில் வருகிற எல்லாப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். என் பெயரையும்தான். இதை அனுப்பப்போகிற பத்திரிகை ஊருக்கு வருமே என்கிற பயம்.

2

நான் அஞ்செட்டிப் பக்கத்துக்காரன். டிப்ளமோ முடித்து, ஓசூர் சிப்காட்டில் கியர் வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தேன். தங்கியது உத்தனப்பள்ளியில், அக்கா வீட்டில். காலை ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போகும்போது சில நாள் சானமாவு காட்டோரம் யானை நிற்கும். டிரைவர் இன்ஜினை அணைத்துவிடுவார். நாற்பது பேரும் ஒரு தும்மல்கூட இல்லாமல் உட்கார்ந்திருப்போம். யானை நம்மைப் பார்க்காமல் போய்விட வேண்டும், அவ்வளவுதான் அப்போதைய பிரார்த்தனை.

ஓசூரில் என் ஆறேழு வருஷமும் அந்த பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்த மாதிரிதான் போனது. எனக்குப் பெண்கள்மேல் ஆசை வரவில்லை, ஆண்கள்மேல்தான் வந்தது. பதினாறு வயதிலேயே அது தெரிந்துவிட்டது. அதைச் சொல்ல எங்கள் பக்கத்துத் தமிழிலும் ஒரு நல்ல சொல் இல்லை, கன்னடத்திலும் இல்லை, தெலுங்கிலும் இல்லை. வசைகள் இருந்தன, மூன்று மொழியிலும் தாராளமாக. சட்டப் புத்தகத்திலும் அது குற்றமாக இருந்தது. கேன்டீனில் யாரையாவது வைத்துக் கேலி நடக்கும்போது முதலில் சிரிப்பவன் நானாகத்தான் இருப்பேன்.

பாகலூர் ரோட்டில் ஒரு பிரௌசிங் சென்டர். பிளைவுட் தடுப்புக்குள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர். முதலாளி யாருக்கும் தெரியாத மாதிரி பின்னால் வந்து நின்று எட்டிப் பார்ப்பார். அங்கேதான் ஒருநாள் ஆம்ஸ்டர்டாம் பற்றிப் படித்தேன். அங்கே ஆணும் ஆணும் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளலாம், இன்ன தெருவில் கடைவாசல்களில் ஆறு பட்டை வானவில் கொடி பறக்கும், அந்தக் கொடி இருக்கும் இடத்தில் நம்மைப் போன்றவர்கள் தைரியமாக உட்காரலாம் என்று போட்டிருந்தது. படித்ததை அழித்தேன். அழித்தது அழிந்துவிட்டதா என்று பார்த்தேன். கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டு, அது போட்டுக் கொடுத்துவிடுமோ என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தேன்.

மறு வருஷம், 2003இல், கம்பெனி புது மெஷின் வாங்கியது. செய்கிறவர்கள் நெதர்லாந்தில். ஐந்து வாரப் பயிற்சிக்கு இரண்டு பேர் போகவேண்டும் என்றார்கள். ஒருவர் எங்கள் சூப்பர்வைசர் வெங்கடசாமி சார். இன்னொருவன் நான். அந்த நாட்டின் பெயரைக் கேட்டதும் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பயமா சந்தோஷமா என்று கேட்டால், அப்போது எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

3

வெங்கடசாமி சாருக்குத் தெலுங்கு தாய்மொழி, தமிழும் கன்னடமும் சரளம், ஆங்கிலம் மட்டும் முன்னெச்சரிக்கை இல்லாமல் வரும். பயிற்சிக்கென்றே ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கி வந்திருந்தார். மாடு, பாலம், பாத்ரூம் குழாய் என்று கண்டதையெல்லாம் எடுத்தார். செலவைக் குறைக்க எங்கள் இருவருக்கும் ஒரே அறை.

மூன்றாவது ஞாயிறு ஆம்ஸ்டர்டாம் பார்க்கப் போனோம். என் வாழ்நாளில் ஒருமுறையாவது அந்தத் தெருவைப் பார்த்துவிட வேண்டும். உள்ளே போகவேண்டாம், நிற்கக்கூட வேண்டாம், சும்மா நடந்து கடந்தால் போதும். ஆனால் சாரை எங்கே விட்டுவிட்டுப் போவது? "இந்தப் பக்கம் போனா ஸ்டேஷன் கிட்ட சார், குறுக்கு வழி" என்று ஒரு பொய் சொல்லி அவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கால்வாய் ஓரம். மூன்று திக்கிலிருந்தும் சைக்கிள்கள். சார் ஊரில் பஸ் ஸ்டாண்டு ரோட்டைக் கடக்கிற வழக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார், கடந்த பிறகும் விடவில்லை. ஓசூரில் இதை யார் பார்ப்பார்கள்? ஷிஃப்ட் முடிந்து கையோடு கை கோத்துக்கொண்டு டீக்கடைக்கு நடக்காத ஆண்கள் உண்டா? இங்கே எதிரில் வந்த இரண்டு வயதான ஆண்கள் எங்கள் கைகளைப் பார்த்துவிட்டுப் புன்னகை செய்தார்கள். சாரும் பதிலுக்குத் தலையாட்டினார். எனக்குக் காது மடல் சுட்டது. கையை எப்படி உருவுவது என்றே புரியவில்லை. உருவினால் ஏன் என்று கேட்பாரே.

அப்போதுதான் அந்தக் கொடி. ஒரு மதுக்கடை வாசலில், படத்தில் பார்த்ததைவிடப் பெரிதாக. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா. நான் பார்க்காத மாதிரி நடையை எட்டிப் போட்டேன். சார் நின்றுவிட்டார்.

"ஆ! பாகுந்தி! நல்லா கலர் கலரா இருக்குது மாதேசு. நில்லுப்பா, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

"வேண்டாம் சார், டிரெய்னு போயிடும்."

"டிரெய்னு எங்க போவும்? அரை மணிக்கு ஒண்ணு இருக்குது. வந்து நில்லுய்யா."

கடை வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் எழுந்து வந்தார். நரைத்த மீசை, காதில் ஒரு வளையம். இருவரையும் சேர்த்து எடுத்துத் தரட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். சார் பூரித்துப்போய்க் கேமராவைக் கொடுத்துவிட்டு, கொடிக்கு நேர் கீழே என்னை இழுத்துத் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

"நீங்கள் இருவரும் சேர்ந்து இருக்கிறீர்களா?" என்று கேட்டார் மீசைக்காரர்.

"எஸ் எஸ், டுகெதர்," என்றார் சார். "ஸேம் கம்பெனி. ஸேம் ரூம்."

"எத்தனை வருஷமாக?"

"ட்வெல்வ் இயர்ஸ்!" என்றார் சார். அவர் சர்வீஸைத்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டார். என் முதுகைத் தட்டி, "ஹீ, ஒன்லி ஃபைவ்," என்று சேர்த்தார்.

மீசைக்காரர் கொஞ்சம் குழம்பினார். பிறகு ஏதோ புரிந்த மாதிரி நெஞ்சில் கையை வைத்து, இந்தியாவில் இது கஷ்டமாயிற்றே என்றார். "நோ நோ, நோ ப்ராப்ளம்," என்றார் சார், "மேனேஜ்மென்ட் வெரி குட்."

இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு மீசைக்காரரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மனிதர் இன்னும் ஒரே ஒரு வாக்கியம் தெளிவாகப் பேசினால் போதும், சாருக்கு எல்லாம் விளங்கிவிடும். கொடி என்ன, தெரு என்ன, குறுக்கு வழி என்று கூட்டிவந்தவன் யார். அப்புறம் வேலை போகும், அக்கா வீட்டு வாசல் போகும், ஊரும் போகும். கேமரா ஒரு தரம் மின்னியது. மீசைக்காரர் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது என் கண்ணைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். என் தோளை மெதுவாக அழுத்திவிட்டுத் தன் காபிக்குத் திரும்பிவிட்டார்.

"எவ்ளோ மரியாதக்காரங்க பாரு," என்று சொல்லிக்கொண்டே வந்தார் சார், தெரு முனை வரைக்கும்.

நான் ஆசைப்பட்டு வந்த தெரு. அதில் வேறு என்ன இருந்தது என்று யாராவது கேட்டால், எனக்குத் தெரியாது.

4

ஓசூருக்குத் திரும்பிய மறு மாதம் கம்பெனி இதழில் அந்தப் படம் வந்துவிட்டது. எடுத்த எண்பது படத்தில் சாருக்கு அதுதான் பிடித்திருக்கிறது. "வெளிநாட்டுப் பயிற்சியில் நம்மவர்கள்" என்று தலைப்பு. இதழைக் கறுப்பு வெள்ளையில்தான் அடிப்பார்கள். கொடி வெறும் சாம்பல் பட்டைகளாக இருந்தது. அந்தச் சிக்கன நடவடிக்கையை எடுத்த புண்ணியவான் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

ஆனாலும் சாரிடம் கலர் பிரிண்ட் இருந்தது. ஒன்றை அக்காவுக்குக் கொடுத்துவிட்டார். அக்கா அப்போது எனக்கு மும்முரமாகப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தையே மாப்பிள்ளைப் படமாக்கி ஜாதகத்தோடு கல்லாவியில் ஒரு பெண் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

"ஏன்க்கா, வேற போட்டோவே இல்லையா?"

"ஃபாரின்ல எடுத்ததுடா. மேல பாரு, தோரணம் மாதிரி என்ன அழகா துணி கட்டிக்கீறாங்க. மங்களகரமா இருக்குது."

பதில் வர நாற்பது நாள். கல்லாவியில் யாருக்காவது தெரிந்திருந்தால்? பெங்களூரில் படித்த தம்பி, சித்தப்பா மகன், யாராவது ஒருத்தன். சாப்பாடு இறங்கவில்லை. அக்கா அதைக் கல்யாணக் கனவு என்று எடுத்துக்கொண்டாள். கடைசியில் ஜாதகம் பொருந்தவில்லை என்று படம் திரும்பி வந்தது. "பக்கத்துல நிக்கிற பெரியவர் மாப்பிள்ளைக்கு மாமாங்களா?" என்று மட்டும் கேட்டார்களாம்.

இரண்டாயிரம் பேர் வேலை செய்கிற ஆலையில், மூன்று மொழி புழங்குகிற ஊரில், அந்தக் கொடியை ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

5

டூல் ஸ்டோரில் இருந்தவரைச் செல்லதுரை அண்ணாச்சி என்று வைத்துக்கொள்கிறேன். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். முப்பத்தெட்டு வயதிருக்கும். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில், இவர் ஓசூரில் தனி அறையில். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போய்வருவார். எங்கள் எல்லோருக்கும் நம்பர் போட்ட பித்தளை டோக்கன் உண்டு. ஜன்னலில் டோக்கனைக் கொடுத்தால் கருவியை எடுத்துத் தந்து டோக்கனை ஆணியில் மாட்டிவிடுவார். கருவியைத் திருப்பினால் டோக்கன் திரும்பும். அதற்குமேல் அவர் யாரிடமும் பேசி நான் பார்த்ததில்லை.

ஒருநாள் மதியம் ஜன்னலில் வேறு ஆள் இல்லை. நான் கருவியைத் திருப்பிக் கொடுத்ததும் அண்ணாச்சி உள்ளே குனிந்து கம்பெனி இதழை எடுத்தார். அந்தப் பக்கம் மடித்து வைத்திருந்தது.

"தம்பி, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டியள்லா?"

"கேளுங்க அண்ணாச்சி."

"இந்தக் கொடி... இது என்ன கலரு?"

"அந்த நாட்டுக் கொடி அண்ணாச்சி. சிவப்பு, வெள்ளை, நீலம்."

அவர் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "அவுகளுக்கு மூணு பட்டைல்லா? ஃபுட்பால் மேட்ச்ல காட்டுனாவள. இதுல ஆறு இருக்கு. நல்லா எண்ணிப் பாத்துட்டேன்."

"காத்துல மடிஞ்சிருக்கும்," என்றேன். "அங்க காத்து ஜாஸ்தி. மடிஞ்சா ஆறு மாதிரி தெரியும்."

அண்ணாச்சி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் விரல் பட்டைகளின்மேல் ஒவ்வொன்றாக இறங்கிக் கடைசியில் நின்றது. அவருக்குத் தெரிந்துவிட்டது, என்னை மாட்டிவிடப் போகிறார், யாரோ கேட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று என் மூளை ஓடியது. வேறு எந்தத் திசையிலும் அது ஓடவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம்.

"அப்படியா," என்றார் அண்ணாச்சி. "காத்து." இதழை மடித்து உள்ளே வைத்துவிட்டு ஆணியிலிருந்து என் டோக்கனை எடுத்து நீட்டினார்.

அடுத்த சில வாரம் நான் டூல் ஸ்டோர் பக்கமே போகவில்லை. பக்கத்து மெஷின்காரனைக் கெஞ்சி அவனை வாங்கிவரச் சொன்னேன்.

6

ஏழெட்டு மாதம் கழித்து வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஆலையைத் தணிக்கை செய்ய வருவதாகச் செய்தி. ஆலை முழுக்கச் சுத்தம் செய்யும் வேலை தொடங்கியது. சிப்காட்டில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் சிவப்பு அட்டை தெரிந்திருக்கும். எந்தப் பொருள் தேவையில்லையோ அதில் சிவப்பு அட்டையைக் கட்டவேண்டும். என்ன பொருள், ஏன் தேவையில்லை, அகற்றியவர் யார் என்று அட்டையில் எழுதவேண்டும். பொருளை அங்கேயே தூக்கிப் போட்டுவிட்டால், அது இருந்த இடத்தில் அட்டையை மட்டும் ஒட்டவேண்டும். கையெழுத்து இல்லாத அட்டை செல்லாது.

எனக்கு ஒதுக்கிய இடம் டூல் ஸ்டோர். அண்ணாச்சி அன்றைக்கு ஊருக்குப் போயிருந்தார். இரும்பு அலமாரி ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வந்தேன். கடைசி அலமாரியின் கதவு உட்புறத்தில், சாமி படத்துக்குக் கீழே, கம்பெனி இதழிலிருந்து வெட்டிய எங்கள் படம் ஒட்டியிருந்தது.

கருவிகளுக்கு அடையாளம் போடுகிற பெயிண்ட் பேனாக்கள் அவரிடம் எல்லாக் கலரிலும் இருக்கும். அதைக் கொண்டு கொடிக்கு மட்டும் வண்ணம் தீட்டியிருந்தார். கோட்டை விட்டுத் துளியும் வெளியே போகவில்லை. மேலேயிருந்து சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா.

கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து அந்த வரிசை யாருக்கும் தெரியவராது. சாரின் கலர் பிரிண்ட் டூல் ஸ்டோர் பக்கம் வந்ததில்லை. அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. ஜன்னலில் அவர் என்னிடம் கலரைக் கேட்கவே இல்லை. தன்னைப் பற்றி என்னிடம் சொல்லியிருக்கிறார். முப்பத்தெட்டு வருஷத்தில் முதல்முறையாக இன்னொருவனிடம் சொல்லியிருக்கிறார் என்று நினைக்கிறேன். பாகலூர் ரோட்டு பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவரும் உட்கார்ந்திருப்பாரோ என்னவோ.

இதை நான் அங்கே நின்றபோதே புரிந்துகொண்டேன். புரிந்த பிறகும் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுதவேண்டும். தணிக்கைக்கு வருகிறவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். அவர்களுக்கு அந்தக் கொடி தெரியும். அலமாரியைத் திறப்பார்கள், கொடியைப் பார்ப்பார்கள், அதன் கீழே நிற்பது யார் என்று கேட்பார்கள். பக்கத்தில் நானே நின்றுகொண்டிருப்பேன். வராந்தாவில் யாரோ நடந்து வருகிற சத்தம் கேட்டது. படத்தைக் கிழித்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டேன். வந்தவர் வெங்கடசாமி சார்.

"என்ன எடுத்த?"

"ஏதோ பழைய படம் சார்."

"அட்டை ஒட்டு. இல்லாட்டி எண்ணிக்கையில வராது."

அவர் எதிரில் நின்றே சிவப்பு அட்டையை எழுதி, கிழிந்த இடத்தில் ஒட்டினேன். பொருள்: படம். காரணம்: தேவையற்றது. அகற்றியவர்: மாதேஷ். கீழே என் கையெழுத்து.

திங்கட்கிழமை அண்ணாச்சி ஊரிலிருந்து வந்து அந்த அலமாரியைத் திறந்திருப்பார்.

7

அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டோக்கனை வாங்கினார், கருவியைக் கொடுத்தார். முன்பு முகத்தைப் பார்த்துக் கொடுப்பார், பிறகு டோக்கனை மட்டும் பார்த்தார். அவரை அறைக்குக் கூட்டிப்போய்ப் பேசியிருக்கலாம். பேருந்து நிலையத்தில் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "நானும்தான் அண்ணாச்சி" என்று இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். அவர் கோபத்தில் வெளியே சொல்லிவிடுவாரோ என்றுதான் அங்கே மிச்சமிருந்த ஒன்றரை வருஷமும் பயந்தேன். சொன்னால் முதலில் போவது அவருடைய குடும்பம் என்பதுகூட என் புத்தியில் ஏறவில்லை.

மெஷின் செய்கிற டச்சுக் கம்பெனி எனக்கு வேலை கொடுத்தது. ஓசூரில் ராஜினாமா செய்தேன். வெளியேறுகிறவன் எல்லாப் பகுதியிலும் போய்ப் பாக்கி ஒன்றும் இல்லை என்று கையெழுத்து வாங்கவேண்டும். டூல் ஸ்டோரைக் கடைசியாக வைத்துக்கொண்டேன்.

டோக்கன்களை ஜன்னலில் பரப்பினேன். அண்ணாச்சி சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். படிவத்தைத் தள்ளும்போது முதல்முறையாக நிமிர்ந்தார்.

"அங்க காத்து ஜாஸ்தின்னியள்லா தம்பி."

"ஆமா அண்ணாச்சி."

"பாத்து இருங்க. கொடி மடியாம இருக்கட்டும்."

அதைக் கேலியாகச் சொன்னாரா, வாழ்த்தாகச் சொன்னாரா என்று நான்கு வருஷமாக யோசிக்கிறேன். அவர் குரலில் இரண்டுமே இருந்தன என்று சில நாள் தோன்றும். அன்றைக்கு நான் "வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

8

இங்கே ஐந்தோவன் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். மேல் மாடியில் சேலத்துக் குடும்பம். சுமதியக்கா ஞாயிறுதோறும் இட்லி கொடுத்தனுப்புவார். அவர் மகள் வர்ஷாவுக்குப் பத்து வயது. தமிழில் கேட்டால் பெரும்பாலும் டச்சில்தான் பதில் சொல்லும். "இவளுக்குத் தமிழ் போயிடுச்சு" என்று அக்கா கண் கலங்குவார். எனக்கு டச்சு வீட்டுப் பாடம் திருத்துவது அந்தப் பிள்ளைதான்.

கொடிக் கேள்வியில் உளறிய அன்று டீச்சர் கொடுத்த வீட்டுப் பாடம், சொந்த நாட்டில் இருக்கிற ஒருவரைப் பற்றி ஐந்து வாக்கியம். நான் செல்லதுரை அண்ணாச்சியைப் பற்றி எழுதினேன். "மெய்ன் ஃப்ரீண்ட்" என்று தொடங்கியிருந்தேன். என் நண்பர் என்ற நினைப்பில். மாடிக்கு எடுத்துப்போய் வர்ஷாவிடம் காட்டினேன்.

வர்ஷா கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மாமா, மெய்ன் ஃப்ரீண்ட்னா உங்க லவ்வர். சும்மா ஃப்ரெண்டுன்னா 'அன் ஃப்ரீண்ட் ஃபன் மெய்'னு எழுதணும். ரப்பர் வேணுமா?"

சமையலறையில் சுமதியக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை நிறுத்திவிட்டாரா என்று காது அங்கேயே போனது. "குடு குடு," என்று ரப்பரைப் பிடுங்கி அழுத்தி அழித்தேன், தாள் கிழிகிற அளவுக்கு. வர்ஷா பயந்துபோய், "தப்பில்ல மாமா, எங்க ஸ்கூல்ல ஒரு பையனுக்கு ரெண்டு அப்பா," என்று டச்சிலும் தமிழிலுமாகச் சொன்னாள். அந்தப் பிள்ளைக்கு ஊர் பயம் எதுவும் வரவில்லை. தமிழோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது போலிருக்கிறது.

அவள் சொன்னபடி திருத்தி எழுத ஆரம்பித்தேன். என் நண்பர்களில் ஒருவர். எழுத எழுத வெட்கமாக இருந்தது. அதற்காவது எனக்கு உரிமை இருக்கிறதா?

9

நான்கு வருஷத்தில் ஆம்ஸ்டர்டாமுக்கு எத்தனையோ முறை வேலையாகப் போயிருக்கிறேன். அந்தத் தெருவுக்கு மட்டும் போனதில்லை. இந்த நாட்டில் என்னை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள். போலீஸ்காரர்கூட வழி காட்டுவார். நான் பயப்படுவது தமிழ்க் குரலுக்கு.

நேற்று போனேன். பகல் பதினொரு மணி, நல்ல வெயில். தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றேன். மதுக்கடை அங்கேயே இருந்தது. மீசைக்காரரைக் காணவில்லை. கொடி புதிதாக இருந்தது. எண்ணினேன், ஆறு. பாலத்தைக் கடந்து, அங்கே போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காபி கேட்பது என்று முடிவு செய்து ஒரு காலை எடுத்து வைத்தேன்.

"அண்ணா, நீங்க தமிழா?"

பின்னால் ஒரு குடும்பம். கணவன், மனைவி, தோளில் ஒரு குழந்தை. ஊர் பார்க்க வந்தவர்கள். எப்படிக் கண்டுபிடித்தார்களோ, தொப்பியெல்லாம் வீண்.

"ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா? அந்தக் கொடி தெரியற மாதிரி. அழகா இருக்குல்ல."

கேமராவை வாங்கினேன். மூன்று பேரும் கொடியும் சேர்ந்து விழுகிற மாதிரி ஒரு படம் எடுத்தேன். எடுத்துக் கொடுத்ததும் அந்தப் பெண் கேட்டாள்.

"ஆமா, அது என்ன கொடிங்கண்ணா?"

கிட்டத்தட்ட அண்ணாச்சி கேட்ட அதே கேள்வி. கேட்டவளுக்கு ஒன்றும் தெரியாது. பதிலைக் கேட்டாலும் "அப்படியா" என்று போய்விடுவாள், இனி வாழ்நாளில் அவளை நான் பார்க்கப்போவதில்லை. கொடி எனக்கு நேர் எதிரில் பறக்கிறது, நிற்பதோ உலகத்திலேயே இதைச் சொல்லப் பயப்படவேண்டாத தெரு.

"தெரியலைங்க," என்றேன். "நான் இந்த ஊருக்குப் புதுசு."

நேராக ரயில் நிலையத்துக்கு நடந்தேன். வீட்டுக்கு வந்து டச்சு அகராதியைத் திறந்தேன். கிழித்த படம் அதற்குள்தான் இருக்கிறது. ஒரு மூலை அலமாரிக் கதவோடு போய்விட்டது. பெயிண்ட் கலர் இன்னும் மங்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டேதான் இவ்வளவையும் எழுதினேன். வாயால் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. எழுதும்போதுகூட இரண்டு முறை எழுந்து போய்க் கதவு தாழிட்டிருக்கிறதா என்று பார்த்தேன்.

செல்லதுரை அண்ணாச்சி, உங்கள் பெயர் அது அல்ல, ஆனால் காற்று என்று சொன்னவன் யார் என்று உங்களுக்குத் தெரியும். இந்தப் பத்திரிகை ஓசூர் பஸ் ஸ்டாண்டுக் கடையில் தொங்கும். என்றைக்காவது உங்கள் கையில் வந்தால் இந்த ஒரு பாராவை மட்டும் படியுங்கள். அன்றைக்குக் காற்றே இல்லை. கொடி மடியவும் இல்லை. ஆறு பட்டைதான். நீங்கள் சரியாகத்தான் எண்ணினீர்கள். நானும்தான் அண்ணாச்சி.